மானா, பாசியா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

எங்கள் கல்லூரி விலங்கியல் மன்றத்தில் பட்டிமன்றம். தலைப்பு: ‘வடக்கே வலியவர் யார்: துருவமானா, அது தின்னும் லைக்கனா?’ குலுக்கலில் எனக்கு லைக்கன் அணி விழுந்துவிட்டது. அந்தப் பக்கம் 150 கிலோ விலங்கு, என் பக்கம் விரல் உயரப் பாசி. என்ன பேசுவது ஐயா?
(மாணவி, கோவை)

பயப்படாதீர்கள், உங்களுக்கு நல்ல பக்கம்தான் விழுந்திருக்கிறது. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். ‘வலியவர்’ என்பதை எதிரணி தன் தராசில் நிறுக்க விட்டுவிட்டால் முதல் ஐந்து நிமிடத்திலேயே ஆட்டம் முடிந்துவிடும்.

எதிரணி என்ன சொல்லும் என்று நானே சொல்லிவிடுகிறேன். துருவமானுக்கு ஐரோப்பாவில் ரெயின்டீர் என்று பெயர், வட அமெரிக்காவில் கரிபூ. இரண்டும் ஒரே இனம். நார்வே, ஸ்வீடன், பின்லாந்து, ரஷ்யா, அலாஸ்கா, கனடா என்று பூமியின் உச்சந்தலையைச் சுற்றி வாழ்கிறது. நல்ல ஆண் மான் 180 கிலோ வரை தேறும். மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். சில கரிபூ மந்தைகள் கோடை இடத்துக்கும் குளிர்கால இடத்துக்கும் போய்த் திரும்புவதில் 1,200 கிலோமீட்டருக்கு மேல் ஆகிவிடுகிறது. தரையில் நடந்து வலசை போகும் விலங்குகளில் இதைவிட நீண்ட பயணம் வேறு எதற்கும் இல்லை. இவையெல்லாம் உண்மை. எதையும் மறுத்துப் பேசி நேரத்தை வீணாக்காதீர்கள். கைதட்டிவிட்டு எழுந்திருங்கள்.

உங்கள் கட்சிக்காரர் பெயர் கிளாடோனியா. அதில் இரண்டு இனங்கள் துருவமானுக்கு முக்கியம். கிளாடோனியா ராஞ்சிஃபெரினா சாம்பல் நிறம். கிளாடோனியா ஸ்டெல்லாரிஸ் மஞ்சள் கலந்த வெளுப்பு, உருண்டை உருண்டையாகத் திரண்டு நிற்கும். பேச வசதியாக மான்பாசி என்றே சொல்லுங்கள். ஆனால் உள்ளபடி அது வெறும் பாசி இல்லை, தாவரமும் இல்லை, லைக்கன். ஒரு பூஞ்சையும் ஒரு பச்சைப் பாசியும் சேர்ந்து ஓருடலாக வாழ்வது. பூஞ்சை உடம்பைக் கட்டி ஈரத்தைப் பிடித்துக் கொடுக்கிறது, உள்ளே இருக்கும் பாசி வெயிலில் சர்க்கரை தயாரிக்கிறது. 1860களில் ஷ்வென்டனர் என்ற சுவிஸ் தாவரவியலாளர் இதைச் சொன்னபோது, ஆயுள் முழுக்க லைக்கனையே படித்த அறிஞர்கள்தான் அதிகம் கொதித்தார்கள்.

பாடப்புத்தகத்தில் இதற்கு மேல் இருக்காது. நான் பார்த்ததைச் சொல்கிறேன். என் அக்கா மகள் நார்வேயின் வடகோடியில், பின்மார்க் மாகாணத்து ஆல்ட்டா ஊரில் வேலை பார்க்கிறாள். ஓர் ஆகஸ்டில் அங்கே போயிருந்தேன். ஆல்ட்டாவிலிருந்து தெற்கே கௌடொகெய்னோ போகும் சாலையில் காரை நிறுத்தி, குட்டை பிர்ச் மரங்களுக்கு நடுவே கொஞ்சம் நடந்தோம். சில நாளாக மழை இல்லை. தரை முழுக்க மான்பாசி, வெளிறிப்போய்க் கிடக்கிறது. கால் வைத்தால் நொறுநொறுவென்று உடைகிறது. ஒரு கொத்தைக் கையில் எடுத்துப் பார்த்தேன். வேர் என்று ஒன்றும் இல்லை, தரையோடு ஒட்டிக்கொண்டும் இல்லை, சும்மா உட்கார்ந்திருக்கிறது. மேல்பாதி வெளுப்பு, அடிப்பாதி கறுத்து மக்கிக்கொண்டிருந்தது. மேலே வளர வளர அடியில் சாகும், அதுதான் அதன் வழக்கம். இரண்டு விரலால் நசுக்கினேன், தூளாகிவிட்டது. “மாமா, இப்படி மிதிக்காதீங்க, இங்க திட்டுவாங்க” என்றாள்.

பிறகு பாட்டிலில் இருந்த தண்ணீரை இன்னொரு கொத்தின் மேல் ஊற்றிவிட்டுக் காத்திருந்தோம். சில நிமிடத்தில் ஆளே மாறிவிட்டது. வளைத்தால் வளைகிறது, அமுக்கினால் எழும்புகிறது, வெளுப்புக்குள்ளிருந்து லேசாகப் பச்சை தெரிகிறது.

உங்கள் வழக்கின் உயிர்நாடி இதுதான். மான்பாசிக்குத் தண்ணீரைச் சேமிக்கத் தெரியாது. காற்றில் ஈரம் இருந்தால் விழிக்கும், காய்ந்தால் அப்படியே நின்றுவிடும். நின்றால் சாகாது, வளரவும் வளராது. வருடத்தில் அது வேலை செய்கிற நேரம் கொஞ்சம்தான். அதனால் ஓராண்டுக்கு 3 முதல் 5 மில்லிமீட்டர் வளர்ந்தாலே பெரிய விஷயம். உங்கள் கைநகம் ஒரு மாதத்தில் வளர்கிற அளவு அது. கிளாடோனியாவில் ஏறக்குறைய ஆண்டுக்கு ஒருமுறை கிளை பிரிவதால், கீழிருந்து மேலாகக் கணுக்களை எண்ணி வயதைக்கூட உத்தேசமாகச் சொல்லிவிடலாம். துருவமான் ஒரே வாயில் கடித்து இழுக்கும் ஐந்து சென்டிமீட்டர் கொத்துக்குப் பத்து வயதாவது இருக்கும்.

இப்போது நடுவரைப் பார்த்துச் செயின்ட் மேத்யூ தீவின் கதையைச் சொல்லுங்கள். அலாஸ்காவுக்கு மேற்கே, பெரிங் கடலின் நடுவில் உள்ள ஆளில்லாத தீவு அது. 1944இல் அமெரிக்கக் கடலோரக் காவல் படை அங்கே வானொலி வழிகாட்டு நிலையம் ஒன்றை அமைத்து 19 பேரை வைத்தது. போர்க்காலம். கப்பல் வராமல் போனால் சாப்பாட்டுக்கு ஆகட்டும் என்று 29 துருவமான்களையும் கொண்டுவந்து விட்டார்கள், 24 பெண், 5 ஆண். போர் முடிந்து ஆட்கள் கிளம்பிவிட்டார்கள், மான்கள் தங்கிவிட்டன. ஓநாய் கிடையாது, வேட்டைக்காரர் கிடையாது, தரையில் 10 சென்டிமீட்டர் கனத்துக்கு லைக்கன் மெத்தை. 1957இல் டேவிட் கிளைன் என்ற உயிரியலாளர் போய்ப் பார்த்தபோது 1,350 மான்கள். 1963 கோடையில் 6,000. சதுர கிலோமீட்டருக்கு 18 மான் என்ற நெருக்கடி. மான்கள் முன்பைவிட இளைத்திருந்தன, குட்டிகள் குறைந்திருந்தன, லைக்கன் மெத்தை பெரும்பாலும் காணாமல் போயிருந்தது. அடுத்து வந்த குளிர்காலம் கடுமையானது. 1966இல் அவர் திரும்பிப் போனபோது தீவெங்கும் எலும்பு. உயிரோடு இருந்தவை 42. அதில் ஒன்றே ஒன்று ஆண், அதற்கும் கொம்பு கோணல், இனம் பெருக்க லாயக்கில்லை. 1980களுக்குள் மிஞ்சிய மந்தையும் முடிந்துவிட்டது.

கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். 29 மான் 6,000 ஆக 19 ஆண்டு, அதாவது ஆண்டுக்குச் சராசரி 30 சதவீதத்துக்கு மேல் பெருக்கம். அதே 19 ஆண்டில், வெறும் தரையிலிருந்து தொடங்கி ஒருவரும் தொடாமல் விட்டிருந்தால்கூட, மான்பாசி பத்து சென்டிமீட்டரை எட்டியிருக்காது. வேகமாகப் பெருகுகிற ஒன்று மெதுவாக வளர்கிற ஒன்றை நம்பி வாழ்ந்தால், எத்தனை மான் என்பதைத் தீர்மானிப்பது மெதுவாக வளர்கிறதுதான். எனக்கு இந்த வழக்கில் வேறு வாதமே தேவையில்லை.

எதிரணி விடாது. மிதித்தும் தின்றும் அழிக்கிறதே, அப்போது மான்தானே வலியது என்று கேட்பார்கள். நார்வே-பின்லாந்து எல்லையைக் காட்டுங்கள். வட ஐரோப்பாவில் துருவமான் மேய்க்கும் பழங்குடியினரான சாமி மக்களின் மந்தைகள் ஒரு காலத்தில் இரண்டு பக்கமும் தாராளமாகப் போய்வந்துகொண்டிருந்தன. 1852இல் எல்லையை மூடினார்கள், பிற்பாடு மான் தாண்டாமலிருக்க வேலியும் வந்தது. செயற்கைக்கோள் படத்தில் அந்த எல்லை சில இடங்களில் கோடு போட்டதுபோலத் தெரியும். வேலி கண்ணுக்குத் தெரியாது, இருபக்க நிறம்தான் தெரியும். நார்வேப் பக்கம் லைக்கன் மண்டி வெளிறிக் கிடக்கிறது, பின்லாந்துப் பக்கம் கறுத்திருக்கிறது. மானின் எண்ணிக்கை மட்டும் இதற்குக் காரணமில்லை, எந்தப் பருவத்தில் மேய்கிறது என்பதே பெரிய காரணம். நார்வேக்காரர்கள் அந்த இடத்தைக் குளிர்காலத்துக்கு மட்டும் வைத்திருக்கிறார்கள். பனி மூடிய பிறகு மான் குழி தோண்டிய இடத்தில் மட்டும் தின்கிறது, மீதி பனிக்கடியில் பத்திரம். பின்லாந்துப் பக்கத்தில் அந்தப் பகுதிகளில் மான் கோடையிலும் நடமாடியது. காய்ந்து நொறுங்கும் பருவத்தில் குளம்பு பட்டால் என்ன ஆகும்? நான் இரண்டு விரலால் செய்ததுதான். சாமி மேய்ப்பர்கள் குளிர்கால மேய்ச்சலையும் கோடை மேய்ச்சலையும் தனித்தனியாக வைத்திருக்கிறார்கள் என்றால், அவர்களுடைய நாட்காட்டியை எழுதியதில் மான்பாசிக்கும் பங்கு உண்டு.

ஒரு குழியும் இருக்கிறது, நீங்களாகப் போய் விழாதீர்கள். ‘மான்பாசி இல்லையேல் துருவமான் இல்லை’ என்று மேசையைத் தட்டிவிட வேண்டாம். எதிரணியில் படித்த ஆள் ஒருவர் இருந்தால் நார்வேக்கு வடக்கே உள்ள ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தைக் கொண்டுவருவார். அங்கே லைக்கன் மிகக் குறைவு. குட்டைக் கால்களோடு, கொழுத்த உடம்போடு அங்கே ஒரு துருவமான் வகை புல்லையும் நிலப்பாசியையும் குட்டை வில்லோச் செடியையும் தின்று ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பிழைத்திருக்கிறது. அதனால் ‘பெரும்பாலான மந்தைகளுக்கு, குளிர்காலத்தில்’ என்று அளந்து சொல்லுங்கள். வாதம் அப்போதும் நிற்கும்.

நேரம் இருந்தால் இன்னொன்றையும் சொல்லலாம். துருவமானும் தனி ஆள் இல்லை. லைக்கனில் மாவுச்சத்து வகை நிறைய உண்டு, புரதம் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு தேறினால் அதிகம். போதாததற்கு உஸ்னிக் அமிலம் போன்ற கசப்புப் பொருள்களையும் வைத்திருக்கிறது, சாதாரண ஆடுமாடுகள் இதைத் தின்று பெரிதாகப் பலன் பெற முடியாது. துருவமானின் முதல் இரைப்பையில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள்தான் அந்த அமிலத்தை உடைத்து, லைக்கனைச் சக்தியாக மாற்றித் தருகின்றன. புரதப் பற்றாக்குறைக்கு மான் சிக்கனம் பிடிக்கிறது. சிறுநீரில் போக வேண்டிய யூரியாவை உமிழ்நீர் வழியாக வயிற்றுக்கே திருப்பி அனுப்பி அந்த நுண்ணுயிர்களுக்கு உணவாக்குகிறது. அங்கே ஒரு பூஞ்சை-பாசிக் கூட்டணி, இங்கே ஒரு மான்-நுண்ணுயிர்க் கூட்டணி. இதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், நடுவர் ரசிப்பார்.

நாங்கள் குழம்புக்குப் போடுகிற கல்பாசியும் இந்த மான்பாசியும் ஒன்றுதானா?
(வாசகி, காரைக்குடி)

ஒரே குலம், வேறு குடும்பம். கல்பாசியும் லைக்கன்தான், பெரும்பாலும் பார்மோட்ரீமா வகை. மரப்பட்டையிலும் பாறையிலும் இலை இலையாகப் படர்ந்திருக்கும். அஞ்சறைப் பெட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் சாம்பல் வெளுப்பு, மறுபக்கம் கறுப்பு, ஓரம் சுருண்டிருக்கும். மான்பாசி இப்படித் தட்டையாக இருக்காது. மரம்போலக் கிளைவிட்டு எழும்பும், தரையில் இருக்கும். கல்பாசியைச் சும்மா முகர்ந்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது, சூடான எண்ணெயில் விழுந்த பிறகுதான் மண்வாசனை கிளம்பும் என்பதை காரைக்குடிக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒன்றுமட்டும் சொல்ல வேண்டும். கல்பாசியை யாரும் பயிரிடுவதில்லை. இமயமலை அடிவாரக் காடுகளிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் மரத்தைச் சுரண்டித்தான் எடுத்து வருகிறார்கள். கடையில் அது கிராம் கணக்கில் விற்பதைப் பார்த்து அளவு குறைவு என்று நினைத்துக்கொள்கிறோம். வயதைக் கணக்கிட்டால் குறைவில்லை.

என் மகன் இங்கே துருவமான் இறைச்சி வாங்கி வருகிறான். 1986இல் ரஷ்யாவில் அணு உலை வெடித்த பிறகு அதில் விஷம் என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். உண்மையா?
(வாசகி, ஆஸ்லோ)

செர்னோபில், அம்மா. இன்று அது உக்ரைனில் இருக்கிறது, அன்று சோவியத் யூனியன். அக்கம்பக்கத்தில் சொன்னதில் உண்மை இருந்தது, ஆனால் அது பழைய உண்மை.

1986 ஏப்ரல் 26ஆம் தேதி வெடித்த உலையிலிருந்து கிளம்பிய சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் காற்றோடு வடமேற்கே போய், எங்கெங்கே மழை பெய்ததோ அங்கங்கே இறங்கியது. ஸ்வீடனின் சில பகுதிகளும் நார்வேயின் நடுப்பகுதியும் நன்றாக மாட்டிக்கொண்டன. புல்லாக இருந்தால் அந்த ஆண்டோடு அறுத்து எறிந்துவிடலாம். மான்பாசிக்கு வேர் இல்லை என்று மேலே சொன்னேன். மழையிலும் தூசியிலும் வருவதை உடம்பு முழுவதாலும் உறிஞ்சித்தான் அது பிழைக்கிறது. நல்லது கெட்டது பிரித்துப் பார்க்காது, இலையுதிர்த்துக் கழிக்கவும் தெரியாது. பத்தாண்டு வளர்ந்த பாசியில் விழுந்த சீசியம் அங்கேயே தங்கியது. குளிர்காலம் முழுக்க அதையே தின்ற மானின் சதையில் சேர்ந்தது. அந்த ஆண்டு ஸ்வீடனில் மட்டும் ஆயிரக்கணக்கான மான்களை அறுத்துப் புதைக்க வேண்டியிருந்தது. சாமி குடும்பங்களுக்கு வருமானம் போனதோடு, சொந்த மந்தையின் இறைச்சியைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்ற சந்தேகமும் வந்துவிட்டது. அதுதான் பெரிய அடி என்பேன்.

நார்வே அரசு முதலில் கிலோவுக்கு 600 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) என்று வைத்த வரம்பை, துருவமானுக்கு மட்டும் அதே ஆண்டு நவம்பரில் 6,000 ஆக உயர்த்தியது. இல்லையென்றால் மான் வளர்ப்பே படுத்துவிடும் என்ற நிலை. பிறகு 1994இல் 3,000 ஆகக் குறைத்தார்கள். மேய்ப்பர்கள் வழி கண்டுபிடித்தார்கள். மான் லைக்கனுக்கு மாறும் முன்பே அறுப்பது, அறுப்பதற்குச் சில வாரம் முன் சுத்தமான தீவனம் கொடுப்பது, சீசியத்தைப் பிடித்துக்கொண்டு சாணத்தோடு வெளியேறும் பிரஷ்யன் நீலம் என்ற பொருளை உப்புக்கட்டியில் கலந்து நக்க வைப்பது. உயிரோடு இருக்கும் மானின் மேல் கருவியை வைத்து அளந்துவிட்டுத்தான் அறுக்க அனுப்பினார்கள்.

சீசியம்-137 பாதியாகக் குறைய 30 ஆண்டு. அந்த 30 முடிந்துவிட்டது. மழை கழுவியதும் புதிதாக வளர்ந்ததும் சேர்ந்து லைக்கனில் இருந்தது அதைவிடவும் வேகமாகக் குறைந்திருக்கிறது. காளான் அதிகம் முளைக்கிற ஆண்டில் அளவு கொஞ்சம் ஏறும், 2014இல் நார்வேயில் அப்படி நடந்தது, ஏனென்றால் மானுக்குக் காளான் என்றால் உயிர். கடைக்கு வருகிற இறைச்சியை வரம்பு பார்த்துத்தான் விடுகிறார்கள். மகன் வாங்கி வரட்டும், நன்றாக மிளகு போட்டு வையுங்கள்.

கிறிஸ்துமஸ் தாத்தாவின் வண்டியை இழுக்கும் மான்கள் ஆணா பெண்ணா?
(ஐந்தாம் வகுப்பு மாணவன், நாகர்கோவில்)

படத்தில் எல்லாவற்றுக்கும் கொம்பு இருக்கிறதா? அப்படியானால் பெரும்பாலும் பெண்கள்தான் தம்பி.

மான் குடும்பத்திலேயே பெண்ணுக்கும் கொம்பு வழக்கமாக முளைப்பது துருவமானுக்கு மட்டும். பெரிய ஆண்கள் இலையுதிர் காலத்தில் சண்டை முடிந்ததும், டிசம்பருக்குள் கொம்பை உதிர்த்துவிடும். கர்ப்பமாக இருக்கும் பெண் மட்டும் வசந்தத்தில் குட்டி போடுகிற வரை வைத்துக்கொண்டிருக்கும். ஏன் என்றால், மான்பாசிக்காகத்தான். பனியைக் குளம்பால் தோண்டி ஒரு குழி போட்டுத் தின்பது கடினமான வேலை. ஒருவர் தோண்டி வைத்த குழியைப் பிடுங்கிக்கொள்ள மற்றவர் வந்து நிற்பார். வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவள் கொம்பைத் தாழ்த்திக் காட்டினால், கொம்பில்லாத பெரிய ஆணும் ஒதுங்கிப் போய்விடுவான். காயடித்த ஆண்களுக்கும் கொம்பு கொஞ்ச காலம் கூடுதலாக நிற்கும் என்பதால், தாத்தாவின் வண்டியில் அவர்களும் இருக்கலாம். இதை வகுப்பில் சொல்லும்போது டீச்சரின் முகத்தைப் பார்த்துச் சொல்.

அரை மீட்டர் பனிக்கு அடியில் இருக்கும் லைக்கனைத் துருவமான் எப்படிக் கண்டுபிடிக்கிறது? அங்கே குளிர்காலத்தில் சூரியனே வராதாமே?
(வாசகர், சேலம்)

முதலில் மூக்கு. பனிக்குள்ளே மூக்கை நுழைத்து முகர்ந்து, அடியில் சரக்கு இருக்கிறது என்று தெரிந்த பிறகே குளம்பால் தோண்டும்.

கண்ணும் சும்மா இல்லை. நமக்குத் தெரியாத புற ஊதா ஒளி துருவமானுக்குத் தெரியும் என்று 2011இல் லண்டனிலும் நார்வேயின் ட்ரோம்சோவிலும் உள்ள ஆய்வாளர்கள் காட்டினார்கள். பனி புற ஊதா ஒளியைப் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடும், லைக்கன் உறிஞ்சிக்கொள்ளும். நமக்கு வெள்ளையில் வெள்ளையாகத் தெரிகிற மான்பாசிக் கொத்து, அதற்கு வெளிச்சத்தில் கறுப்பாகத் தெரியும். ஓநாயின் வெள்ளை மயிரும் அப்படியே தெரிந்துவிடும் என்பது ஓநாய்க்குத் தெரியாது. இன்னொரு விசித்திரம், கண்ணுக்குள் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் கோடையில் தங்க நிறம், குளிர்கால இருட்டில் நீலம். சூரியன் அடிவானத்துக்குக் கீழேயே இருக்கும் அந்த மாதங்களிலும் நண்பகலை ஒட்டி ஒரு நீலநிற அரையிருள் இருக்கும். அந்த ஒளிக்கு ஏற்ற கண் அது.

இத்தனையும் பனி பொலபொலவென்று இருந்தால்தான் உதவும். குளிர்காலத்தின் நடுவில் மழை பெய்து உறைந்துவிட்டால் பனிக்கு மேல் பனிக்கட்டி மூடி. மூக்குக்கு வாசனை வராது, குளம்புக்கு உடையாது. ரஷ்யாவின் யமால் தீபகற்பத்தில் 2013 நவம்பரில் இப்படி மழை பெய்து உறைந்ததில், அந்தக் குளிர்காலத்தில் 61,000 துருவமான்கள் பட்டினியால் இறந்தன. காலடியில்தான் தீவனம். ஸ்வீடன் போன்ற காட்டு நாடுகளில் முன்பெல்லாம் இப்படி நேர்ந்தால் மான்கள் முதிர்ந்த காடுகளுக்குள் போய், மரக்கிளைகளில் தாடியாகத் தொங்கும் லைக்கனைத் தின்று சமாளிக்கும். தாடி லைக்கன் தொங்க மரத்துக்கு வயதாக வேண்டும், மர வியாபாரத்துக்கு அந்தப் பொறுமை இல்லை. ஸ்வீடனில் தரை லைக்கன் செழித்த காடுகளின் பரப்பே அறுபது ஆண்டில் 71 சதவீதம் குறைந்துவிட்டது.

இவ்வளவு தேவை இருக்கிற பொருளை இங்கே வளர்த்து ஏற்றுமதி செய்தால் என்ன? மனிதர்கள் சாப்பிட முடியுமா என்றும் சொல்லுங்கள்.
(வாசகர், திருப்பூர்)

சாப்பாட்டை முதலில் முடித்துவிடுவோம். அப்படியே தின்றால் கசக்கும், வயிற்றைக் கலக்கும். சாம்பல் தண்ணீரில் ஊறவைத்து வேகவைத்துக் கசப்பை எடுத்துப் பஞ்ச காலத்தில் சாப்பிட்டிருக்கிறார்கள். வடக்கேயுள்ள சில பழங்குடி மக்கள் இதைவிடக் கெட்டிக்காரர்கள். வேட்டையாடிய கரிபூவின் இரைப்பையில் பாதி செரித்திருக்கும் லைக்கனை எடுத்துச் சாப்பிடுவார்கள். கடினமான வேலையை மான் முடித்துக் கொடுத்துவிடுகிறது.

வியாபாரமும் நடந்திருக்கிறது. 1860களின் கடைசியில் ஸ்வீடனில் மான்பாசியை அமிலத்தில் வேகவைத்துச் சர்க்கரையாக்கி, நொதிக்க வைத்துச் சாராயம் வடித்தார்கள். பஞ்ச காலம், தானியம் மிச்சமாயிற்றே என்று பலருக்கும் சந்தோஷம். ஆலைகள் பெருகின. ஆலையைச் சுற்றியுள்ள காட்டைச் சுரண்டி முடித்ததும் சரக்கு வரவில்லை, கடைசியில் தொழில் படுத்துவிட்டது. இன்றும் பின்லாந்தின் ஹைலூட்டோ தீவு போன்ற இடங்களிலிருந்து கிளாடோனியா ஸ்டெல்லாரிஸ் ஜெர்மனிக்குப் போகிறது, மலர்வளையத்துக்கும் பொம்மை ரயில் பாதை ஓரத்தில் மரமாக நிறுத்தவும். அதுவும் பயிரிட்டதில்லை, தானாக வளர்ந்ததைப் பொறுக்கியதுதான்.

கொடைக்கானல், நீலகிரிப் பக்கம் வேறு கிளாடோனியா இனங்கள் உண்டு, ஆனால் மெத்தையாகத் தரையை மூடுகிற அளவுக்கு இல்லை. திருப்பூரில் வளர்க்கும் யோசனை எனக்கும் பிடித்திருக்கிறது. முதல் அறுவடைக்கு இருபது ஆண்டு பொறுத்துக்கொள்கிற வங்கி ஒன்றைப் பிடித்துவிட்டு எழுதுங்கள், நானும் பங்குதாரராகச் சேர்ந்துகொள்கிறேன்.